ஐந்தாவது விளக்கு

“போயிட்டு வர்றேன்பா.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது நிவேதாவுக்கு உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பிரயோசனம்? வார்த்தை போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று காலையிலிருந்து தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வேறு வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டிவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிய நாளிலிருந்து வீட்டுப் படி இறங்கும்போதெல்லாம் சொன்ன வார்த்தை, கதவுப் பக்கம் கால் திரும்பியதுமே தானாக வந்துவிட்டது.

நம் ஆட்களுக்குப் ‘போகிறேன்’ என்று சொல்ல வராது. கடைத்தெருவுக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் போய்விட்டு வருவதாகத்தான் சொல்வோம். சாவு வீட்டில் மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எந்தக் காலத்தில் யார் எதற்காக வைத்த வழக்கமோ தெரியாது. விஞ்ஞானம் வந்து அதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது.

கனமான கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. வெளியே டாக்டர் மேகலா நின்றிருந்தார். கண்ணாடி வழியாக அவள் உதட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

“சொல்லிட்டீங்க,” என்றார்.

“தெரியாம வந்துருச்சுங்க டாக்டர்.”

“எல்லாருக்கும் தெரியாமத்தான் வருது. உக்காருங்க, பாப்போம்.”

பெருந்துறைக்கு அப்பால், கல் வெட்டி முடித்துக் கைவிட்டிருந்த ஒரு குழிக்குள் அந்த மௌனக் கூடத்தைக் கட்டியிருந்தார்கள். பூமிக்கடியில், பாறைக்கு நடுவே, வரிசையாகச் சின்னச் சின்னக் குளிர் அறைகள். நிவேதாவின் அப்பா நல்லசிவம் அதில் ஒன்றில் நேற்றிலிருந்து படுத்திருந்தார். முந்தாநாள் காலையில் ஈரோட்டில் அவருடைய வீட்டில், பாதி காபியோடு, இதயம் நின்றுவிட்டது. நெற்றியில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். அதில் கடுகளவில் ஐந்து விளக்குகள். மூக்குக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. நான்கு அணைந்துவிட்டன. ஐந்தாவது நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

அது எரிகிற வரைக்கும் கொள்ளி வைக்க முடியாது. வைத்தால் கொலை. கோர்ட் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

எல்லாம் ஆகாச ஊசியின் உபயம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் பெற்றவர்களை நாள் கணக்கில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள் இல்லையா? மகன் விமானம் ஏறி, இறங்கி, ஓடி வந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டு அழுவான், கேட்பதற்கு உள்ளே ஆள் இருக்காது. அந்த அழுகையைக் காசாக்க ஒரு கம்பெனிக்குத் தோன்றியது. உயிர் பிரியும்போது கடைசியாகப் போவது காதுதான். அதை மட்டும் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்க வைக்கும் மருந்து கிடைத்தது. ஊரே போட்டுக்கொண்டது. பிறகுதான் தெரிந்தது, மூன்று நாள் என்று கம்பெனி சொன்ன கணக்கை அந்தக் காதிடம் யாரும் சொல்லவில்லை என்று. எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அது அணைவதாக இல்லை. ஈரோட்டில் எந்தத் தெருவில் சத்தம் இல்லாமல் இருக்கிறது? கோயில் ஒலிபெருக்கி, மிக்ஸி, லாரி ஹாரன், துக்கம் விசாரிக்க வந்து நிலத்தகராறு பேசும் பங்காளிகள். செத்தவர்கள் அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பாறைக்குழி.

“எவ்வளவு நேரம் ஆகுங்க?” என்று நிவேதா கேட்டாள். மேலே காரில் அவள் கணவன் தினேஷ் உட்கார்ந்திருந்தான். காவிரிக்கரை மயானத்தில் விறகு அடுக்கியாயிற்று என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

“சத்தமே இல்லைன்னா, சாதாரணமா நாம ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள அணைஞ்சிரும். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னா அப்புறம் காதுக்கு என்ன வேலை? ஆனா எதையாவது எதிர்பாத்துட்டு இருந்தாங்கன்னா அது வேற மாதிரி. யாரோ வர்றேன்னு சொல்லியிருக்காங்கன்னு வைங்க. அவங்க காலடிச் சத்தம் எப்பக் கேக்கும், எப்பக் கேக்கும்னு காது முழிச்சுட்டே இருக்கும். சத்தம் வர வேண்டியதில்லைங்க. வரும்ங்கற நெனப்பு இருந்தாப் போதும்.”

“எத்தனை நாளைக்கு?”

மேகலா திரும்பி நடைபாதையைப் பார்த்தார். நடைபாதையின் கோடி வரைக்கும் கண்ணாடிக் கதவுகள். அநேகமாக எல்லாவற்றுக்குப் பின்னாலும் ஒரு நீலப் புள்ளி.

“காலையில டவுன் பஸ்ல டிபன் பாக்ஸோட கொஞ்சம் பேர் வந்து இறங்குனாங்களே, பாத்தீங்களா?”

“பாத்தேன். இங்க வேலை பாக்கறவங்கன்னு நெனச்சேன்.”

“வேலை பாக்கறவங்க இல்லைங்க. வர்றேன்னு சொன்னவங்க.”

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு அப்படியே எரிந்தது. மேகலா கோப்பையைக் கீழே வைத்தார்.

“மறுபடியும் உள்ள போங்க. இனிமே வரமாட்டேன்னு சொல்லுங்க. அழுதுட்டே சொன்னா நம்ப மாட்டாங்க. பட்டுனு சொல்லிட்டு வந்துருங்க.”

அப்பனிடம் அப்படிச் சொல்வதற்கு ஒருத்திக்கு நெஞ்சு கல்லாக இருக்க வேண்டும். நிவேதாவுக்கு அப்படி இல்லை. அவருக்கு மூட்டு பிடித்துக்கொண்ட பிறகு குளிப்பாட்டி விட்டவள் அவள். ராகிக் கூழைக் கரண்டியில் ஆற்றி ஊட்டியவள் அவள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, நான் நிவேதா. சொன்னது தப்புப்பா. நான் வரமாட்டேன். இனிமே வரவே மாட்டேன். எனக்காகப் பாத்துட்டு இருக்காதீங்க. நீங்க போயிருங்க.”

குரல் பட்டதும் விளக்கு கொஞ்சம் பிரகாசமானது. பிறகு பழையபடி எரிந்தது. அவள் வெளியே வந்து உட்கார்ந்தாள். இனி அணைந்துவிடும், அணைந்ததும் ஓவென்று அழ வேண்டும் என்று காத்திருந்தாள். விளக்கு அசையவில்லை.

“உங்களுக்காக இல்லை போல இருக்குதுங்க,” என்றார் மேகலா. “நீங்க வரமாட்டேன்னு சொன்னதுல அவருக்கு ஒரு மாத்தமும் தெரியல. வேற யாரையோ எதிர்பாக்கறாரு.”

நிவேதாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் வரமாட்டேன் என்கிறாள், அதற்கு ஒரு சின்ன அசைவு கூட இல்லை. செத்தவர் மேல் கோபப்படலாமா என்று யாரிடம் கேட்பது? அவள் கோபப்பட்டாள். கோபம் தீர்ந்ததும் பயம் வந்தது. அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

“எங்க அண்ணன், கௌசிக். கனடாவுல இருந்தான்.”

“வரச் சொல்லுங்க. இல்லைன்னா போன்லயாவது…”

“செத்துட்டானுங்க. ரெண்டு வருசம் ஆச்சு. அப்பாவுக்குச் சொல்லலை.”

பனிச் சாலையில் வண்டி சறுக்கி, ஒரு நொடியில் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் முதல் தடவை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார், உடம்பு தேறட்டும் என்று பெரியப்பா, சித்தப்பா, தினேஷ், எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். உடம்பு தேறியது. அப்போது, இப்படி நன்றாக இருக்கிற மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. கௌசிக் பேசவில்லையே, பேசவில்லையே என்று அவர் துளைத்தெடுக்கத் தொடங்கியபோது, அண்ணனின் பழைய பேச்சுகளைப் போனில் ஏற்றி அவன் குரலையே செய்துகொண்டாள் நிவேதா. இதெல்லாம் இப்போது பெரிய வித்தையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அடுக்களையில் நின்று தட்டெழுதுவாள். முன்னறையில் அப்பாவின் காதில் கௌசிக் பேசுவான். நல்லசிவம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். பேரிங் தேய்ந்திருப்பதைத் தெருவில் நின்றே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிற காது அது. அந்தக் காதைத்தான் ஏமாற்றினாள்.

ஒருநாள் அவரே ஊசி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இதுல என்ன அம்மிணி புதுசா கண்டுபிடிச்சுட்டாங்க? மூக்கு மண்ணுக்குச் சொந்தம். நாக்கு தண்ணிக்கு, கண்ணு நெருப்புக்கு, தோலு காத்துக்கு. காது ஆகாசத்துக்குச் சொந்தம். சாவறப்ப இதே வரிசையிலதான் ஒண்ணொண்ணா அதது எடத்துக்குத் திரும்பிப் போவும். கடைசியில நிக்கறது காதுதான். அதனாலதான் உசுரு போறப்பக் காதுல சாமி பேர் சொல்றது. எனக்கு அந்த ஊசியப் போட்டிருங்க.”

“அதெல்லாம் எதுக்குப்பா இப்ப?”

“கௌசிக் வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகுமல்ல. வந்து அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிடுவான். அதக் கேட்டுட்டுப் போயிர்றேன்.”

வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என்ன என்று சொன்னால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த வாரம் கௌசிக் பேசும்போது, தீபாவளிக்குக் கட்டாயம் வர்றேன்பா என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்துத் தட்டெழுதினாள். கிழவர் சந்தோஷப்படட்டும் என்றுதான்.

எல்லாவற்றையும் மேகலா கேட்டுக்கொண்டார். முகத்தில் பெரிதாக ஆச்சரியம் எதுவும் இல்லை.

“அந்தக் குரல் இன்னும் போன்ல இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“வந்துட்டேன்னு சொல்ல வைங்க. கூடாதுதான். நெறைய பேர் செய்யறாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

நிவேதா போனை எடுத்தாள். ‘அப்பா, வந்துட்டேன்’ என்று தட்டெழுதினாள். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. மூக்கில்லாமல், நாக்கில்லாமல், கண்ணில்லாமல், தொட்டால் தெரிகிற தோலும் இல்லாமல், வெறும் காதாக மிச்சமிருக்கிறார் மனுஷன். அந்தக் காதுக்குள்ளும் கடைசியாக ஒரு பொய்யைக் கொண்டுபோய்ப் போட வேண்டுமா?

“வேண்டாங்க,” என்றாள். “இத்தனை நாள் ஏமாத்துனது போதும். நிஜத்தையே சொல்லிர்றேன். யாரும் வரப்போறதில்லைன்னு தெரிஞ்சா நிம்மதியாப் போயிருவாரு.”

மேகலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

இந்தத் தடவை நிவேதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“அப்பா. கௌசிக் இல்லைப்பா. செத்துட்டான். ரெண்டு வருசம் ஆச்சு, பனியில வண்டி சறுக்கி. ஞாயித்துக்கிழமை பேசுனது அவனில்லை. நான்தான்.”

விளக்கு அணையவில்லை. நடுங்கத் தொடங்கியது. காற்று இல்லாத அந்த அறையில், திரியும் எண்ணெயும் இல்லாத அந்தச் சின்ன விளக்கு, விட்டுவிட்டுத் துடித்தது. நிவேதா திரும்பிக் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். மேகலாவின் முகம் இறுகியிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாவுக்கு என்ன தோன்றும்? அவள் யோசித்தாள். அவர் வாய் திறக்க முடிந்தால் முதலில் என்ன கேட்பார்? சண்டை போட மாட்டார். அவருக்கு அதெல்லாம் வராது. எம் பையனுக்கு யார் கொள்ளி வெச்சது என்று கேட்பார்.

“அங்க கொள்ளி எல்லாம் இல்லைப்பா. பெட்டியோட உள்ள வெச்சு ஒரு பட்டனை அமுக்குவாங்களாமா. கூட வேலை பாத்த பையன் ஒருத்தன் அமுக்குனான். மதுரைக்காரப் பையன். நல்ல பையன்தான். சாம்பலை அனுப்பி வெச்சாங்க. நான்தான் பவானி கூடுதுறைக்கு எடுத்துட்டுப் போயி ஆத்துல விட்டேன். கோபியில ஒரு கல்யாணத்துக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொன்னனே, அன்னைக்கு. பந்தியில என்ன போட்டாங்கன்னு கேட்டீங்க. ஜாங்கிரின்னு சொன்னேன்.”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. வேறு என்ன கேட்பார், வேறு என்ன கேட்பார் என்று நினைத்து நினைத்து, தெரிந்ததை எல்லாம் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்று சொன்னாள். கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எழுந்தாள். வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

“அழறாராங்க டாக்டர்?”

“அழறதுக்கு அவர்கிட்ட என்னங்க இருக்குது?” என்றார் மேகலா. “கண்ணீருக்குத் தண்ணி வேணும். கத்தறதுக்குக் காத்து வேணும். ரெண்டும் போயிருச்சு. உள்ள வந்த சேதி வெளிய போறதுக்கு வழி இல்லை.”

“இது எப்ப நிக்கும்?”

“நின்னு நான் பாத்ததில்லை. அதனாலதான் அந்தக் குரலைப் போடச் சொன்னேன்.” மேகலா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “முன்னயே இதைச் சொல்லியிருக்கணும். நிஜத்தச் சொல்றேங்கறவங்களைத் தடுக்கறதுக்கு எனக்கு வாய் வர்றதில்லைங்க.”

நிவேதா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் போய்விட்டான் என்று தெரிந்துகொண்ட மனுஷன், ஓர் இருட்டுக்குள், தனியாக. மகளும் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மண்ணும் தண்ணியும் நெருப்பும் காத்தும் அவரை விட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போய்விட்டன. அவள் மறுபடியும் கதவைத் தள்ளினாள்.

“அப்பா, நான் வருவேன். நாளைக்கு வர்றேன். போயிட்டு வர்றேன்பா,” என்றாள். இந்தத் தடவை தெரிந்தே சொன்னாள்.

மயானத்தில் அடுக்கிய விறகை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

தினேஷ் சில நாள் காரில் கொண்டுவந்து விட்டான். பிறகு அவன் வேலையைப் பார்க்கப் போனான், அவனைக் குறை சொல்ல முடியாது. நிவேதா டவுன் பஸ்ஸில் வரத் தொடங்கினாள். பின் சீட்டில் ருக்மணி என்கிற அம்மா அவளுக்கு இடம் போட்டு வைப்பார். பக்கத்து அறையில் இருக்கிற அர்ஜுனன் அவருடைய வீட்டுக்காரர். இருவரும் சேர்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவார்கள்.

“உங்கப்பா வெளக்கு ஏங் கண்ணு அப்படி ஆடுது?” என்று ஒருநாள் ருக்மணி கேட்டார்.

“ஒரு நெசத்தைச் சொல்லிட்டனுங்க.”

“ஐயோ,” என்றார் அந்த அம்மா. சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. “நான் அந்தத் தப்பு மட்டும் பண்ணல. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் வந்துட்டுப் போறதுதான் அவருக்கு. எனக்கப்பறம் என்ன பண்ணுவாருன்னு நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு நாள் நான் வர முடியாமப் போச்சுன்னா, நீ போயி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. வாசல்ல இருக்கறவங்ககிட்ட உம்பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்.”

“சொல்றேங்க.”

அன்று சாயங்காலம் பெருந்துறை நிறுத்தத்தில் இறங்கும்போது அந்த அம்மா வழக்கம்போல, “வர்றேன் கண்ணு,” என்றார். “போயிட்டு வாங்க,” என்றாள் நிவேதா.

மறுநாள் பின் சீட் காலியாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும். கண்டக்டர்தான் சொன்னார், தூக்கத்திலேயே போய்விட்டதாக. ஊசி எதுவும் வேண்டாம் என்று அந்த அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாராம், அன்றைக்கே எரித்துவிட்டார்களாம்.

நிவேதா கூடத்துக்குள் இறங்கி, முதலில் அர்ஜுனனின் அறைக்குப் போனாள். முன்பின் பார்த்திராத கிழவர். நெற்றியில் ஒரு நீலப் புள்ளி. காலடிச் சத்தம் கேட்டதும் அது பளிச்சென்று கூடியது. அது ருக்மணியின் காலடி இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். நிஜம் வாய் நுனி வரைக்கும் வந்தது.

“ருக்மணியம்மாவுக்குக் கொஞ்சம் காய்ச்சலுங்க,” என்றாள். “உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. நாளைக்கு வந்துருவாங்க.”

அந்த விளக்கு சீராக, அமைதியாக எரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதுவும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, அப்பாவின் அறைக்குப் போனாள். அங்கே இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.